ஊவாத் தோட்டங்களும் முடியாத மரண விசாரணைகளும்

இலங்கையில் ஒருவர் விபத்தில் இறந்தாலும், விலங்கு தாக்கியோ இயந்திரத்தில் சிக்கியோ இறந்தாலும், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாலும், திடீரென்றோ காரணம் தெரியாமலோ இறந்துபோனாலும், அந்தச் சாவுக்கு மரண விசாரணை நடக்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 370ஆம் பிரிவில் இதைக் கட்டளையாகவே விதித்திருக்கிறது. தகவல் கிடைத்ததும் அந்தப் பகுதியின் திடீர் மரண விசாரணை அதிகாரி சடலம் இருக்கும் இடத்துக்குத் தாமதமின்றிப் போக வேண்டும். காயங்களையும் அடையாளங்களையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். விவரம் தெரிந்தவர்களிடம் சாட்சியம் பெற்று, சாவுக்கு இன்னதே காரணமாகத் தோன்றுகிறது என்று அறிக்கை எழுதி நீதவானுக்கு அனுப்ப வேண்டும். கொலைச் சந்தேகம் உள்ள இடத்துக்கு நீதவானே நேரில் வருவார். பொலிஸ் காவலிலும் சிறையிலும் நேரும் சாவுகளுக்கு 371ஆம் பிரிவு தனியாக விதி சொல்கிறது.

ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத் தோட்டங்களில் இந்த விசாரணையின் முதல் கட்டம் பெரும்பாலும் வேகமாகவே முடிந்துவிடுகிறது. தாமதம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதல் நாளின் அவசரமே பிந்திய தாமதத்துக்குப் பாதிக் காரணம் என்பதைத் தோட்டத்துக் குடும்பங்கள் பல மாதங்கள் கழித்துத்தான் உணர்கின்றன.

மரண விசாரணை அதிகாரி நீதிபதி அல்லர், வைத்தியரும் அல்லர். நீதியமைச்சு ஒரு பிரதேசத்துக்கென நியமிக்கும் உள்ளூர்க்காரர் அவர். சட்டப் படிப்போ மருத்துவப் படிப்போ இந்தப் பதவிக்குக் கட்டாயமில்லை. கிடைப்பது முழுநேரச் சம்பளம் அல்ல, கொடுப்பனவுதான். வெட்டுக் காயத்தையும் விழுந்த காயத்தையும் பிரித்தறிவது, சாட்சி சொல்லாமல் விடுவதைக் கேட்டு வாங்குவது, பிரேத பரிசோதனை தேவையா இல்லையா என்று முடிவெடுப்பது எல்லாம் இவர் கையில் இருக்கின்றன. ஆங்கிலேயர் தங்கள் நாட்டுக் கொரோனர் முறையை இங்கே கொண்டுவந்தபோது, கிராமத்தில் மதிப்புள்ள ஒருவர் நடுநிலையோடு சாவை விசாரிப்பார் என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. அந்த அமைப்பு ஏறத்தாழ அப்படியே நின்றுவிட்டது. இதற்கிடையில் சாவின் காரணத்தைக் கண்டறியும் அறிவியல் வெகுதூரம் போய்விட்டது.

பதுளை மாவட்டத்தின் மக்கள்தொகை 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே 8 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் இந்திய வம்சாவளித் தமிழர்கள். பசறை, நமுனுகுல, மடூல்சீமை, லுணுகலை, தெமோதரை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை என்று மலைமடிப்புகளில் பரந்து கிடக்கும் தோட்டங்களின் லயங்களிலும் அவற்றை ஒட்டிய குடியிருப்புகளிலும் அவர்களில் பெரும்பாலோர் வாழ்கிறார்கள். இந்தத் தோட்டங்களில் நேரும் சாவுகளில் பல, சட்டம் விசாரணை கேட்கும் வகையைச் சேர்ந்தவை: குளவிக் கொட்டு, வழுக்குப் பாறையில் விழுதல், மரம் முறிந்து விழுதல், மின்னல், மண்சரிவு, தொழிற்சாலை இயந்திரம், பள்ளத்தில் பாயும் பஸ். 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து புறப்பட்ட பஸ் பசறையருகே பள்ளத்தில் விழுந்து குறைந்தது 14 பேர் இறந்தனர். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் தங்காலையிலிருந்து சுற்றுலா வந்தவர்களின் பஸ் விழுந்து 15 பேர் பலியாயினர். இப்படி நாடே பார்க்கும் விபத்துகளில் வைத்தியர்களும் பொலிஸாரும் அமைச்சர்களும் ஓடி வருவார்கள். பரிசோதனைகள் விரைந்து முடியும். மலையில் தனியாகச் செத்த ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் கோப்புக்கு அந்த வேகம் கிடைப்பதில்லை.

காலையில் மலைக்குப் போன தொழிலாளி மயங்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டத்து லொறியிலோ 1990க்கு அழைத்து வரவழைத்த அம்புலன்ஸிலோ அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறார்கள். உயிர் வழியிலேயே போய்விட்டது. சடலம் பிரேத அறைக்குப் போகிறது; பிரேத பரிசோதனை செய்யும் சட்ட வைத்திய அதிகாரி இல்லாத வைத்தியசாலையானால், அவர் உள்ள பெரிய வைத்தியசாலைக்கு மாற்றப்படுகிறது. உறவினர்கள் வெளியே நிற்கிறார்கள். பொலிஸ் அடையாளம் காட்டச் சொல்கிறது. மரண விசாரணை அதிகாரி இருவரிடம், மூவரிடம் வாக்குமூலம் எடுக்கிறார். அதற்குள் தோட்டத்தில் மரண உதவிச் சங்கம் பணம் திரட்டிவிட்டது, பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது, குழி வெட்ட ஆள் போய்விட்டது. வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் கொழும்பிலிருந்து பஸ் ஏறிவிட்டார்கள். இந்த நிலையில் குடும்பம் கேட்பது ஒன்றே ஒன்று: "பொடியை எப்ப ஐயா குடுப்பீங்க?" சாவின் காரணத்தைப் பற்றிய கேள்வி அந்த நேரத்தில் யார் வாயிலும் வராது. அதிகாரியும் அதே அவசரத்தில்தான் எழுதுகிறார். என்ன வேலையில் இருந்தபோது விழுந்தார், குளவி கலைந்ததா, அந்த நிரையில் அருகில் நின்றவர் யார், தோட்டத்தில் முதலுதவி கிடைத்ததா என்ற கேள்விகள் விடுபட்டுப் போவது இப்படித்தான்.

குளவிச் சாவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிறையக் குளவிகள் கொட்டினால் உடலில் தடங்கள் தெரியும். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒன்றிரண்டு கொட்டே போதும். இரத்த அழுத்தம் சரிந்து, மூச்சு அடைத்து, நிமிடக் கணக்கில் உயிர் போகலாம். இப்படிப்பட்ட ஒவ்வாமை அதிர்ச்சி, பிரேத பரிசோதனையில் தனித்த அடையாளம் எதையும் விட்டுவைக்காமலே போகலாம் என்பது சட்ட மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட உண்மை. இறந்தவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்து இதய நாளத்தில் கொழுப்பும் படிந்திருந்தால், மாரடைப்பு என்று எழுதுவது எளிது. உடன் நின்ற பெண்களின் வாக்குமூலம் மட்டுமே வைத்தியரை வேறு பக்கம் பார்க்க வைக்கும். அந்த வாக்குமூலம் எடுக்கப்படவில்லை என்றால் குளவி ஆவணத்திலேயே இல்லை.

சாவின் காரணத்தை எழுதும் அந்த ஒரு வரியில் குடும்பத்தின் எதிர்காலம் தொங்குகிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலையினாலும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தால் தொழிலாளி இறந்தால், அவரை நம்பியிருந்தவர்களுக்கு வேலை கொடுத்தவர் நட்டஈடு தர வேண்டும். உச்சத்தொகை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 20 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. குளவிக் கொட்டு என்று எழுதப்பட்டால் அந்தக் கதவு திறக்கும். மாரடைப்பு என்று எழுதப்பட்டால், அதற்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைக் குடும்பமே நிரூபிக்க வேண்டும். புதைத்து மூன்று மாதம் கழித்து அதை நிரூபிப்பது எப்படி?

காரணம் முதல் நாளிலேயே தெரியாத சாவுகள் இன்னும் நீண்ட பாதையில் போகின்றன. சட்ட வைத்திய அதிகாரி இரத்தம், இரைப்பையில் இருந்தவை, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் மாதிரிகளை எடுத்து முத்திரையிட்டு வைக்கிறார். மரண விசாரணை அதிகாரி, காரணத்தை முடிவு செய்யாமல் விடும் திறந்த தீர்ப்பு கொடுக்கிறார். சடலம் உறவினரிடம் ஒப்படைக்கப்படுகிறது. மாதிரிகள் நீதிமன்ற உத்தரவோடு, பொலிஸார் கைவசம், பத்தரமுல்லை பெலவத்தையில் உள்ள அரச இரசாயன பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போக வேண்டும். பதுளையிலிருந்து கொழும்புக்கு வீதி வழியாக 230 கிலோமீற்றர் அளவு தூரம். தூரத்தை ஒரே இரவில் கடந்துவிடலாம். வரிசையைக் கடக்க முடியாது. நாடு முழுவதிலிருந்தும் வரும் போதைப்பொருள், வெடிபொருள், சாராயம், உணவுக் கலப்படம், கொலை வழக்குத் தடயங்கள் எல்லாம் அந்த ஒரே திணைக்களத்தின் மேசைக்குத்தான் வருகின்றன. போதைப்பொருள் வழக்கில் சந்தேகநபர் விளக்கமறியலில் இருப்பார், அவருக்காகச் சட்டத்தரணி நீதிமன்றத்தில் கேட்பார். இறந்துபோனவருக்காகத் திகதிக்குத் திகதி எழுந்து கேட்க யாரும் இல்லை. அவருடைய மாதிரி காத்திருக்கிறது.

அறிக்கை வந்த பிறகும் அது குடும்பத்தின் வீட்டுக்கு வருவதில்லை. நீதிமன்றத்துக்கு வரும், சட்ட வைத்திய அதிகாரி அதைப் பார்த்து இறுதிக் காரணத்தைச் சொல்ல வேண்டும், பிறகு விசாரணை முடிக்கப்பட வேண்டும். இடையில் வைத்தியருக்கு இடமாற்றம் கிடைத்திருக்கலாம், பொலிஸ் பொறுப்பதிகாரி மாறியிருக்கலாம். நாட்டின் நீதிமன்றங்கள் அனைத்திலும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கியிருப்பதாக நீதியமைச்சே சொல்லிவந்திருக்கும் நிலையில், யாரும் சந்தேகநபராக இல்லாத ஒரு மரணக் கோப்பு நீதவான் நீதிமன்றத்தின் அலுமாரியில் தூங்குவது வியப்பல்ல. அது மன்னிக்கத்தக்கது என்றும் ஆகாது.

இந்தக் காலம் முழுவதும் இறப்புப் பதிவில் காரணம் 'விசாரணையில் உள்ளது' என்றே நிற்கும். அப்படிப்பட்ட சான்றிதழைப் பார்த்ததும் காப்புறுதி நிறுவனம் பணத்தை நிறுத்திவைக்கும். ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் சாவின் காரணத்தைச் சார்ந்தவை அல்ல. உரிமையாளர் யார் என்பதே அங்கே கேள்வி. ஆனாலும் காரணம் காலியாக உள்ள தாளைக் காட்டினால், "முழு சேட்டிபிகட்டைக் கொண்டுவாங்க" என்ற பதிலோடு திரும்பி வருகிறவர்கள் உண்டு. அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டப் பதிவில் வேறொரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று என்ற மலையகத்தின் பழைய சிக்கலும் இதோடு சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒரு நாள் பேர் போகிறது. பேர் போனால் அந்த நாளின் சம்பளம் இல்லை.

மொழி இன்னொரு தடை. தமிழ் 1987இல் 13ஆவது திருத்தத்தால் ஆட்சிமொழியானது. நீதிமன்றத்தில் வழக்காடுபவர் தமிழில் பங்குகொள்ளவும், அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை உரிமை தருகிறது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியிலும் அறிவிக்கப்பட்டுள்ளன. இத்தனை இருந்தும் பிரேத அறை வாசலில் எடுக்கப்படும் வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படுகிறது; பிரேத பரிசோதனை அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. சொன்னது ஒன்று, எழுதப்பட்டது ஒன்று என்பது கையொப்பமிடும்போது தெரியாது. பிறகு திருத்த வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே உரைபெயர்ப்பாளர் இல்லாத நாளில் வழக்கு ஒத்திவைக்கப்படும்.

தோட்டங்களில் சடலங்களைப் பெரும்பாலும் எரிப்பதில்லை, புதைப்பார்கள். இந்த வழக்கம் நீதிக்கு ஒரு வாய்ப்பை மிச்சம் வைக்கிறது. நுவரெலியா மாவட்டம் டயகமையைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலைக்கு இருந்தபோது தீக்காயமடைந்து 2021 ஜூலை 15ஆம் திகதி வைத்தியசாலையில் இறந்தார். ஊரில் புதைக்கப்பட்ட அவருடைய சடலம் நீதவானின் உத்தரவின் பேரில் ஜூலை 30ஆம் திகதி தோண்டியெடுக்கப்பட்டு, சட்ட வைத்திய நிபுணர் குழுவினால் இரண்டாவது முறை பரிசோதிக்கப்பட்டது. மலையகம் முழுவதும் தெருவில் இறங்கியதால் அது நடந்தது. சந்தேகம் எஞ்சியிருக்கும் எந்தச் சாவிலும் எரிக்க அவசரப்படக்கூடாது என்பதற்கு இது போதிய காரணம்.

சடலமே கிடைக்காவிட்டால் நிலைமை வேறு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் புதைந்ததாகச் சொல்லப்பட்டது. பிள்ளைகளில் பலர் பாடசாலைக்குப் போய்விட்டிருந்ததால் உயிர் தப்பியிருந்தனர். பின்னர் அதிகாரபூர்வ எண்ணிக்கை நாற்பதுக்குள் இறங்கியது. அவர்களில் பலருடைய உடல்கள் கடைசிவரை வெளியே வரவில்லை. மரண விசாரணை சடலத்தைப் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறது. சடலம் இல்லாதபோது அந்த அதிகாரியால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. சுனாமிக்குப் பிறகு 2005இல் காணாமற்போனோரின் இறப்பைப் பதிய வழி செய்யும் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது இதனால்தான். மீரியபெத்தையில் தப்பியவர்களுக்கு 75 வீடுகள் கட்டிக் கொடுக்க 2016 வரை ஆனது. எச்சரிக்கை ஏன் லயத்துக் கதவு வரை வரவில்லை, யார் பொறுப்பு என்று ஒவ்வொரு சாவாக எடுத்துக் கேட்கும் பகிரங்க மரண விசாரணை அங்கே நடந்திருந்தால், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மலைகளைச் சரித்தபோது அந்தப் பாடம் கையில் இருந்திருக்கும்.

அரசின் காவலில் நேர்ந்த சாவுகளின் கதையும் இந்த மாகாணத்துக்கு அந்நியமல்ல. 2000 அக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், பொலிஸார் சூழ்ந்து நிற்கையிலேயே கும்பல் புகுந்து தமிழ் இளைஞர்களைத் தாக்கியது. 27 பேர் கொல்லப்பட்டனர். 2003 ஜூலையில் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 மே மாதத்துக்குள் மேன்முறையீட்டில் அவர்களும் விடுவிக்கப்பட்டனர். ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று விசாரித்தது. அதன் அறிக்கை மக்கள் முன் வைக்கப்படவில்லை.

மரண விசாரணை தாமதமாவது ஏழை நாடுகளின் நோய் மட்டும் அல்ல. இந்த முறை பிறந்த இங்கிலாந்திலேயே 2023இல் ஒரு சாவு நேர்ந்து விசாரணை முடிய சராசரியாக 31 வாரங்கள் ஆயின. வேறுபாடு என்னவென்றால், அங்கே அந்த எண் அச்சிடப்பட்டு ஆண்டுதோறும் வெளியாகிறது. ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன; ஓராண்டைத் தாண்டிய கோப்பைப் பற்றித் தலைமைக் கொரோனருக்கு அறிவிக்க வேண்டும். அதைவிடப் பயனுள்ள இன்னொரு ஏற்பாடும் உண்டு. இதே காரணத்தால் இன்னொருவர் சாகக்கூடும் என்று கொரோனர் கருதினால், பொறுப்புள்ள நிறுவனத்துக்கு எழுத வேண்டும். அது 56 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்தியா வேறு வழியில் போனது. மும்பையில் எஞ்சியிருந்த கொரோனர் பதவியை 1999இல் ஒழித்து, பொலிஸிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் பொறுப்பை விட்டுவிட்டது.

சாவின் காரணத்தை ஒழுங்காகப் பதிந்தால் என்ன கிடைக்கும் என்பதை இலங்கையே உலகுக்குக் காட்டியிருக்கிறது. 1995இல் இந்த நாட்டின் தற்கொலை வீதம் லட்சத்துக்கு 47 என்ற அளவில், உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்றாக இருந்தது. எந்த நஞ்சு ஆட்களைக் கொல்கிறது என்பது பதிவுகளிலிருந்தும் வைத்தியசாலைகளிலிருந்தும் தெரியவந்ததும், 1995, 1998, பின்னர் 2008 முதல் 2011 வரை என்று அதி நச்சுப் பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. முதல் பத்தே ஆண்டுகளில் வீதம் ஏறத்தாழப் பாதியானது. குளவிக் கூடுகளுக்கும், தொழிற்சாலை இயந்திரங்களுக்கும், சரியும் மலைகளுக்கும் இதே கவனம் இன்னும் கிடைக்கவில்லை. எந்தத் தோட்டத்தின் எந்த மலையில் எத்தனை பேர் குளவியால் செத்தார்கள் என்று சேர்த்துப் பார்க்க, முடிக்கப்பட்ட கோப்புகள் வேண்டும்.

செய்யக்கூடியவை புதிராக எதுவும் இல்லை. நச்சுப் பரிசோதனைக்கு மாகாண மட்டத்தில் ஓர் ஆய்வுகூடம் அமைந்தால் பதுளையும் மொணராகலையும் பத்தரமுல்லை வரிசையிலிருந்து விடுபடும். திறந்த தீர்ப்பில் நிற்கும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் கால எல்லை விதித்து, அதைத் தாண்டினால் நீதவான் காரணம் கேட்க வேண்டும். தோட்டப் பகுதிகளில் தமிழில் எழுதத் தெரிந்தவர்களை மரண விசாரணை அதிகாரிகளாக நியமித்து, அடிப்படைச் சட்ட மருத்துவப் பயிற்சி தர வேண்டும். இவற்றில் கடைசி ஏற்பாட்டுக்குப் புதுக் கட்டடமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. அமைச்சு மனம் வைத்தால் அடுத்த நியமனத்திலேயே தொடங்கலாம்.

அதுவரை குடும்பங்களும் தோட்டத் தலைவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சடலத்தைப் பெற்றுக்கொள்ளும் நாளிலேயே மரண விசாரணை அதிகாரியின் பெயர், பொலிஸ் நிலையத்தின் முறைப்பாட்டு இலக்கம், நீதவான் நீதிமன்றத்துக்குப் பொலிஸார் கொடுத்த பி அறிக்கையின் இலக்கம், பிரேத பரிசோதனை இலக்கம் ஆகியவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டும். அருகில் வேலை செய்தவர் ஒருவரையாவது வாக்குமூலம் கொடுக்க அழைத்துப்போக வேண்டும். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டே கையொப்பமிட வேண்டும். பிறகு கோப்பு நகரவில்லையென்றால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். சட்ட உதவி ஆணைக்குழுவின் பதுளை நிலையத்தில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். இலக்கம் கையில் இருப்பவருக்குத்தான் கோப்பைத் தேடிக் கொடுப்பார்கள். கருமாதி முடிவதற்குள் அந்தத் தாளை வாங்கி வையுங்கள்.